மீன் தொட்டியில் நீரோட்டம்



வீட்டில் மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் அதைப் பெரும்பாலும் மாலையில்தான் பார்க்கிறோம். வேலை முடிந்து, குளித்து, ஒரு கோப்பைத் தேநீரோடு உட்காரும் நேரம் அது. விளக்கு வெளிச்சத்தில் செடிகள் பச்சைப் பசேலென்று நிற்கும். மீன்கள் ஓடி விளையாடும். பார்க்கப் பார்க்க மனம் குளிரும். ஆனால் ஒரு தொட்டியின் உண்மையான நிலை மாலையில் தெரியாது. விடியற்காலையில்தான் தெரியும். பெரட்டுக்குப் புறப்படுகிற அவசரத்தில் அந்த நேரத்தில் தொட்டியை யார் பார்க்கிறார்கள்?

எங்கள் பள்ளியில் ஒருவன் பார்த்தான். 2018ஆம் ஆண்டு ஐந்தாம் ஆண்டு வகுப்பில் படித்த மாணவன். அவன் தாயார் காலைப் பெரட்டுக்குப் போகும்போதே அவனையும் பள்ளி வாசலில் விட்டுவிட்டுப் போவார். மற்றப் பிள்ளைகள் ஏழு மணிக்கு மேல் வருவார்கள். அவனோ ஆறே காலுக்கே வந்துவிடுவான். காவலாளி வகுப்பறையைத் திறந்துவிட்டதும் நேரே அறிவியல் மூலையிலிருந்த மீன் தொட்டியின் முன் போய் நிற்பான். தொட்டிக்குத் தீனி போடும் பொறுப்பையும் அவனிடமே கொடுத்திருந்தோம்.

அந்தத் தொட்டி பிள்ளைகளின் சேமிப்பில் வாங்கியது. பத்துக் காசும் இருபது காசுமாகச் சேர்த்து, பாசார் மாலாமில் மீனும் செடியும் வாங்கினோம். தொண்ணூறு சென்டிமீட்டர் நீளம், முப்பது அகலம், முப்பத்தெட்டு உயரம். நாடாவைப் போல நீண்ட இலையுள்ள வாலிஸ்னேரியா, கொத்துக் கொத்தாக வளரும் ஹைட்ரில்லா, நம் நாட்டுக் காட்டோடைகளிலேயே இயல்பாக வளரும் கிரிப்டோகோரைன் ஆகிய செடிகளை நட்டிருந்தோம். லோங்காங் மீன் என்று நாம் சொல்லும் குப்பி மீன்கள் இருபது. உடம்பில் கறுப்பு முக்கோணம் வைத்த ரஸ்போரா மீன்கள் பன்னிரண்டு. சிப்பாட் மீன்கள் இரண்டு. இந்த ரஸ்போராவும் வெளிநாட்டு மீன் அன்று. மலாயாத் தீபகற்பத்தின் நிழலான ஓடைகள்தாம் அதன் சொந்த வீடு. உலகமெங்கும் கடைகளில் விற்கிறார்கள். நம் பிள்ளைகள் அது எங்கிருந்தோ கப்பலில் வந்தது என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்!

ஒரு நாள் காலை அந்த மாணவன் வந்து, "ஐயா, விடியக்காலையில மீனெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது. மணி பத்தானா சரியாயிடுது" என்றான். நாங்கள் என்ன சொன்னோம் தெரியுமா? "பசிக்கிறது போலிருக்கிறது, இன்னும் கொஞ்சம் தீனி போடு" என்றோம். மறுநாளும் சொன்னான். நாங்களும் அதே பதிலைச் சொன்னோம். அந்த வெள்ளிக்கிழமை, சனி ஞாயிறு இரண்டு நாளைக்கும் சேர்த்துத் தீனி போட்டுவிடச் சொன்னவர்களும் நாங்களே.

திங்கட்கிழமை காலையில் குப்பிகள் இருபதும் செத்து மிதந்தன. ரஸ்போராக்களில் ஒன்பது அடியில் கிடந்தன. பிள்ளைகள் அழுதுவிட்டார்கள். தீனி டப்பாவைத் திறந்து பார்த்தால் பாதிக்கு மேல் காலி. உடனே எங்கள் வாயிலிருந்து வந்த சொல், "நீதானே அளவில்லாமல் போட்டுக் கொன்றுவிட்டாய்?" என்பது. வகுப்பே அவனைத் திரும்பிப் பார்த்தது. அவன் பதில் பேசவில்லை. மறுநாள் அவன் தகப்பனார், குலை வெட்டுகிற வேலையிலிருந்து அப்படியே பூட்சுக் காலோடு வந்து, "வாத்தியாரையா, புள்ள தெரியாம செஞ்சிட்டான். மீனுக்கு என்ன காசோ நான் குடுத்துடுறேன்" என்று வாசலில் நின்றார். அந்தக் காசை நாங்கள் வாங்கவில்லை. ஆனால் "அவன்மேல் தவறில்லை" என்றும் அன்று நாங்கள் சொல்லவில்லை. அப்போது எங்களுக்கே அது தெரியாது.

தெரியவைத்தவை அந்த இரண்டு சிப்பாட் மீன்கள். அவை மட்டும் ஒன்றும் நடவாததுபோல் சுற்றிக்கொண்டிருந்தன. தீனி விஷமாகியிருந்தால் அவையும் அல்லவா செத்திருக்க வேண்டும்? இந்தக் கேள்வியைக் கேட்டவனும் அதே மாணவன்தான். சிப்பாட், சண்டை மீன், பூயூ ஆகியவை ஒரே உறவுக் கூட்டம். செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பான ஓர் உறுப்பு அவற்றுக்கு உண்டு. நீரில் பிராணவாயு குறைந்தால் மேலே வந்து ஒரு வாய் காற்றைக் குடித்து அந்த உறுப்பில் வைத்துச் சுவாசிக்கும். பூயூ மீன் சகதியிலும் பிழைத்திருப்பது இதனால்தான். ஆகவே, செத்த மீன்கள் தீனியால் மட்டும் சாகவில்லை. மூச்சு முட்டிச் செத்திருக்கின்றன.

ஆனால் தொட்டியில் காற்றுப் பம்பு ஓடிக்கொண்டுதான் இருந்தது. மூலையில் குமிழிகளும் பொங்கிக்கொண்டுதான் இருந்தன. செடிகளும் நிறைய இருந்தன. "செடி பிராணவாயு கொடுக்கும்" என்று பாடம் நடத்துகிறவர்கள் அல்லவா நாங்கள்! பிறகு எப்படி மூச்சு முட்டியது?

இதற்கு விடை பழைய விடை. 1771ஆம் ஆண்டு ஜோசப் பிரீஸ்ட்லி என்ற ஆங்கிலேயர், மெழுகுவத்தி எரிந்து கெட்டுப்போன காற்றில் ஒரு புதினாத் தண்டை வைத்தால் அந்தக் காற்று மீண்டும் நல்ல காற்றாகிறது என்று கண்டார். இது எல்லாப் பாடநூலிலும் உண்டு. அடுத்த பாதியைச் சொன்னவர் யான் இங்கன்ஹௌஸ் என்னும் டச்சு மருத்துவர். 1779ஆம் ஆண்டு அவர் இலைகளை நீரில் மூழ்க வைத்துப் பார்த்தார். வெயிலில் இலைகளிலிருந்து குமிழிகள் வந்தன, இருட்டில் நின்றுவிட்டன. அதுமட்டுமன்று, இருட்டில் செடியும் நம்மைப் போலவே காற்றைக் கெடுக்கிறது என்று அவர் எழுதினார். பகலில் பிராணவாயுவைக் கொடுக்கும் செடி, இரவில் மீனோடு போட்டி போட்டுக்கொண்டு அதையே எடுத்துக்கொள்கிறது. கரியமில வாயுவை வெளியே விடுகிறது. உண்மையில் செடி எந்நேரமும் சுவாசிக்கிறது. பகலில் அது உண்டாக்குவது செலவழிப்பதைவிட அதிகம் என்பதால் நமக்கு வரவு மட்டும் கண்ணில் படுகிறது.

எங்கள் தொட்டிக்கு இரவு எவ்வளவு நீளம் என்று அதன் பிறகுதான் கணக்குப் பார்த்தோம். பள்ளி விட்டதும் விளக்கை அணைத்து, சன்னல்களைச் சாத்திவிடுவோம். ஆகவே பிற்பகல் இரண்டு மணிக்கே தொட்டிக்குப் பொழுது சாய்ந்துவிடும். வெள்ளி பிற்பகல் இரண்டிலிருந்து திங்கள் காலை ஏழு வரை, கூட்டிப் பாருங்கள், 65 மணி நேரம்! அத்தனை நேரமும் செடிகள் இருட்டில் சுவாசித்திருக்கின்றன. தின்னாமல் கிடந்த தீனி அழுகியிருக்கிறது. அழுகச் செய்யும் நுண்ணுயிர்களும் பிராணவாயுவைத் தின்றிருக்கின்றன. முந்தைய வாரங்களில் செடி குறைவாக இருந்ததால் மீன்கள் தப்பின. செடி அடர்ந்துவிட்ட வாரத்தில், நாங்களும் தீனியை இரட்டிப்பாக்கி அவற்றின் கதையை முடித்துவிட்டோம்.

நீரில் பிராணவாயு எவ்வளவு இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. நாம் சுவாசிக்கும் காற்றில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 270 மில்லிகிராம் பிராணவாயு உண்டு. நீரிலோ, 25 பாகை வெப்பத்தில், முழு அளவு கரைந்திருந்தாலும் ஒரு லிட்டருக்கு எட்டு மில்லிகிராம் சொச்சந்தான். நம் நாட்டுக் கொட்டகை வெப்பத்தில், 30 பாகையில், அது ஏழரையாகக் குறைகிறது. தண்ணீர் சூடேற ஏற மீனுக்குத் தேவை கூடும். நீரில் இருப்போ குறையும். இந்தச் சிறிய இருப்பும் மேற்பரப்பின் வழியாகத்தான் உள்ளே வரவேண்டும். வந்தது தானாகக் கீழே இறங்குமா என்றால், இறங்காது. காற்றில் ஒரு வாயு பரவுவதைக் காட்டிலும் அசையாத நீரில் அது பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. மேலே இருப்பதைக் கீழே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியது நீரோட்டம்.

இந்த இடத்தில் பலர் ஒரு தவறு செய்கிறார்கள், நாங்களும் செய்தோம். குமிழியைக் கண்டால் போதும், நீரில் காற்றுச் சேர்கிறது என்று நிம்மதி அடைகிறோம். ஒரு குமிழி அடியிலிருந்து மேலே வர ஓரிரு நொடிதான் ஆகும். அதற்குள் அதிலிருந்து நீரில் கரைவது கொஞ்சமே. குமிழியின் பெரிய உதவி வேறு. அது மேலே ஏறும்போது அடித்தண்ணீரையும் தன்னோடு தூக்கிக்கொண்டு போகிறது. மேற்பரப்பை உடைத்துக் குலுக்குகிறது. அடித்தண்ணீர் மேலே வந்து காற்றைத் தொட்டுவிட்டுத் திரும்பவும் கீழே போனால்தான் தொட்டி முழுதும் மூச்சு விடும். எங்கள் காற்றுக்கல் ஒரு மூலையில், அடர்ந்த ஹைட்ரில்லாவுக்குப் பின்னால் கிடந்தது. அந்த மூலை மட்டும் கொதித்தது. மீதித் தொட்டி குட்டை.

அது குட்டைதான் என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். சாத்தே குச்சியின் நுனியில் ஒரு விரற்கடை நீளத்துக்கு மெல்லிய நூல் ஒன்றைக் கட்டினோம். நூல் நன்றாக நனைந்ததும் குச்சியைத் தொட்டியில் வெவ்வேறு இடங்களில் செங்குத்தாகப் பிடித்து, மனத்துக்குள் பத்து எண்ணச் சொன்னோம். நீர் ஓடும் இடத்தில் நூல் கொடிபோல் பறக்கும். எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதையும் காட்டும். ஓடாத இடத்தில் தொங்கும். ஒரு தாளில் தொட்டியை வரைந்து, நூல் பறந்த இடத்தில் அம்புக்குறியும் தொங்கிய இடத்தில் வட்டமும் போடச் சொன்னோம். வட்டங்களே அதிகம். செடிப் புதருக்குப் பின்னால், பெரிய கல்லுக்கு அடியில், எதிர் மூலை முழுவதும் வட்டம். அந்த வட்டங்கள் இருந்த இடத்தில்தான் மணல்மேல் கறுத்த கசடும் படிந்திருந்தது. செத்த ரஸ்போராக்கள் கிடந்த இடமும் அதுவே. உங்கள் வீட்டுத் தொட்டியிலும் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். செலவு ஒரு சாத்தே குச்சி. சாத்தேயைத் தின்றுவிட்டால் அதுவும் இல்லை.

இனி நாங்கள் செய்த மாற்றங்களைச் சொல்கிறோம்.

முதலில் கத்தரி எடுத்தோம். புதிய பம்பு வாங்கலாம் என்று ஓர் ஆசிரியர் சொன்னார். அது பிறகு ஆகட்டும் என்றோம். ஹைட்ரில்லாவில் பாதியை வெட்டி எடுத்தோம். உயர்ந்து வளரும் வாலிஸ்னேரியாவைப் பின்பக்கக் கண்ணாடியை ஒட்டி வைத்தோம். குட்டையான கிரிப்டோகோரைனை நடுவிலும் முன்பக்கத்திலும் விட்டோம். கிரிப்டோகோரைனைத் தேவையில்லாமல் பிடுங்கி மாற்றி நடக்கூடாது. இடம் மாற்றினால் அதன் இலைகள் கரைந்துபோகும். வேர் இருந்தால் திரும்பவும் துளிர்க்கும், பயப்பட வேண்டாம். நமக்குத் தெரியாத தத்துவமா இது? தோட்டத்தில் மரங்களை நிரை பிடித்து நடுவது எதற்கு? வெளிச்சமும் காற்றும் ஆளும் போக வழி வேண்டும் என்பதற்குத்தான். தொட்டியிலும் செடிகளுக்கு இடையே நிரை வேண்டும். அந்த நிரை நீர் ஓடும் திசையில் இருக்க வேண்டும். குறுக்கே வேலி போட்டாற்போல் நட்டுவிட்டு நீர் ஓடவில்லை என்றால் எப்படி ஓடும்? வெட்டி எடுத்த செடியை ஆற்றிலோ அலூரிலோ கொட்டாமல் வெயிலில் காயவைத்து உரக்குழியில் போடுங்கள். பாசார் மாலாமில் வாங்கிய செடி எந்த நாட்டது என்று நமக்குத் தெரியாது. ஓடையில் பிடித்துக்கொண்டால் அகற்றுவது கடினம்.

அடுத்தது மேற்பரப்பு. மிளகளவு இலையுடன் மிதக்கும் பாசி, தொட்டியின் மேலே பாய் விரித்தாற்போல் மூடியிருந்தது. மூன்றில் ஒரு பங்கை மட்டும் விட்டு மீதியை அள்ளினோம். அதன் கீழே நீரின்மேல் எண்ணெய் பூசினாற்போல் ஒரு படலம். தீனியிலிருந்தும் அழுகும் பொருள்களிலிருந்தும் வருவது அது. அதன்மேல் ஒரு டிஷ்யூத் தாளைப் பரப்பி மெதுவாக இழுத்தால் படலம் தாளில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். ஆனால் மேற்பரப்பு அசையாமல் இருந்தால் அது இரண்டே நாளில் மறுபடி வரும். கண்ணாடி மூடியையும் இரண்டு விரல் அளவு நகர்த்திக் காற்றுப் போக வழி விட்டோம்.

பிறகுதான் பம்பின் பக்கம் வந்தோம். காற்றுக்கல்லை எடுத்துவிட்டு, பஞ்சு வடிகட்டி ஒன்றைக் குறுகிய பக்கத்து ஓரத்தில் வைத்தோம். இதன் வேலை மிக எளிது. ஒரு பஞ்சு, அதன் நடுவிலிருந்து மேலே போகும் குழாய். குழாயின் அடியில் காற்றை விடுகிறோம். குமிழியும் நீரும் கலந்த கலவை வெறும் நீரைவிட இலேசானது. ஆகவே சுற்றியுள்ள கனமான நீர் அதை மேலே தள்ளுகிறது. தள்ளிய இடத்தை நிரப்ப, பஞ்சின் வழியாகப் புதிய நீர் உள்ளே போகிறது. குழாய் எவ்வளவு ஆழத்தில் தொடங்குகிறதோ அவ்வளவு நன்றாகத் தூக்கும். குழாயின் மேல்முனையில் வளைவான ஒரு துண்டைப் பொருத்தி, அதன் வாய் நீர்மட்டத்தில், தொட்டியின் நீளவாக்கில் பார்க்கும்படி திருப்பினோம். இந்தத் திருப்பம்தான் எல்லாவற்றிலும் முக்கியம். முன்பு மேலே வந்த நீர் அங்கேயே சுழன்று அங்கேயே இறங்கிற்று. இப்போது அது மேற்பரப்பை ஒட்டித் தொண்ணூறு சென்டிமீட்டரும் ஓடி, எதிர்க் கண்ணாடியில் மோதிக் கீழே இறங்கி, மணலைத் தடவிக்கொண்டு திரும்பிப் பஞ்சுக்கே வருகிறது. ஒரே ஒரு பெரிய வட்டம். கசடும் மூலையில் தங்காமல் பஞ்சுக்கு வந்து சேர்ந்துவிடும்.

அந்தப் பஞ்சில் கண்ணுக்குத் தெரியாத வேலைக்காரர்கள் இருக்கிறார்கள். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா நஞ்சு. ஒருவகை நுண்ணுயிர் அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் நஞ்சுதான். வேறொன்று அதை நைட்ரேட்டாக மாற்றும். அது அவ்வளவு கெடுதலில்லை, செடிக்கும் உரம். இந்த நுண்ணுயிர்களுக்கும் பிராணவாயு வேண்டும். நீர் ஓடாவிட்டால் அவை வேலையை நிறுத்திவிடும். ஆகவே பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் பிழிந்து கழுவாதீர்கள். குழாய் நீரிலுள்ள குளோரின் அவற்றைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து ஒரு வாளி நீர் எடுத்து, அதில் இரண்டு மூன்று முறை அமுக்கி எடுத்தால் போதும்.

காற்றுப் பம்புக்குப் பதிலாகச் சிறிய நீர்ப் பம்பு வைத்திருப்பவர்கள், அதன் பெட்டியில் மணிக்கு எத்தனை லிட்டர் என்று அச்சிட்டிருப்பதைப் பார்க்க வேண்டும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் தொட்டியின் கொள்ளளவு லிட்டரில் வரும். எங்கள் தொட்டிக்கு 102 லிட்டர்; மணலும் மேல் இடைவெளியும் போக 85 லிட்டர் என்று வைத்தோம். மணிக்கு அதைப்போல் நான்கு மடங்கு நீர் சுற்றினால் போதும் என்பது மீன் வளர்ப்போர் கைக்கணக்கு. அதாவது 340 லிட்டர். பஞ்சு அடைத்துக்கொண்டால் பெட்டியில் போட்ட அளவு வராது என்பதால் சற்றுப் பெரியதாகவே வாங்கலாம். பம்பின் வாயில் நீர் ஒரே இடத்தில் பீய்ச்சி அடித்தால், ஒரு பி.வி.சி. குழாயில் வரிசையாகத் துளை போட்டு, முனையை அடைத்து மாட்டுங்கள். ஓட்டம் பரவி மென்மையாகும்.

நீரோட்டத்தால் நன்மை மீனுக்கு மட்டுமன்று. அசையாத நீரில் ஒவ்வோர் இலையையும் சுற்றி மெல்லிய போர்வைபோல் ஒரு நீர்ப்படலம் ஒட்டிக்கொண்டிருக்கும். அதிலிருக்கும் கரியமில வாயுவை இலை எடுத்து முடித்துவிட்டால், அடுத்தது வந்து சேர நேரமாகும். சோற்றுத் தட்டு எதிரே இருந்தும் கை எட்டாத நிலை. மெல்ல ஓடும் நீர் அந்தப் போர்வையை மெலிதாக்குகிறது. எங்கள் வாலிஸ்னேரியா ஒரு மாதத்திலேயே இலைமேல் படிந்திருந்த பழுப்பு அழுக்கு நீங்கிப் புதுக் கன்றுகள் விட்டது. மேற்பரப்பு அதிகம் அலைந்தால் கரியமில வாயு வெளியேறிச் செடிக்குக் குறைந்துவிடும் என்று சில புத்தகங்கள் எச்சரிக்கின்றன. அது சிலிண்டர் வைத்து வாயு செலுத்துகிற பணக்காரத் தொட்டிகளுக்குப் பொருந்தும். நமக்கு அந்தக் கவலை வேண்டாம். மீன் பிழைக்கட்டும்.

ஆனால் "கொஞ்சம் நல்லது என்றால் நிறைய மிக நல்லது" என்று எண்ணிவிடக்கூடாது. செடியின் இலை நுனி இலேசாக ஆட வேண்டும். ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடக்கக்கூடாது. மணல் உருண்டாலோ மீன்கள் கல்லின் பின்னால் ஒளிந்தாலோ ஓட்டம் அதிகம். சிப்பாட்டும் சண்டை மீனும் அமைதியான நீரில் வாழ்பவை. நுரைக்கூடு கட்டி முட்டையிடுபவை. ஓடும் நீரில் அந்தக் கூடு நிற்காது. அவற்றுக்காக ஒரு மூலையில் வாலிஸ்னேரியாவைச் சற்று அடர்த்தியாகவே விட்டுவைத்தோம்.

விளக்குக்கு ஒரு நேரக் கருவி மாட்டினோம். காலை எட்டிலிருந்து மாலை நான்கு வரை, சனி ஞாயிறு உட்பட, எட்டு மணி நேரம் எரியும். விடுமுறை நாளில் தீனி போடுவதை நிறுத்திவிட்டோம். நன்றாக உண்ட பெரிய மீன் இரண்டு நாள் பட்டினியில் சாகாது. அழுகிய தீனியில் சாகும். வாரம் ஒரு முறை கால் பங்கு நீரை மாற்றுகிறோம். குழாய்த் தண்ணீரை முதல் நாளே வாளியில் பிடித்துத் திறந்து வைத்தால் குளோரின் வெளியேறிவிடும். சில இடங்களில் குளோரமின் கலக்கிறார்கள். அது நின்றாலும் போகாது, அதற்குக் கடையில் விற்கும் நீக்கி மருந்து வேண்டும்.

மின்சாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. காற்றுப் பம்பை எப்போதும் நீர்மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழே வைத்திருந்தால், இடிமழையில் மின்சாரம் நின்றதும் தொட்டி நீர் குழாய் வழியே பின்னோக்கி வந்து பம்புக்குள் இறங்கும். மின்கம்பி சுவிட்சுக்குப் போகுமுன் ஓரிடத்தில் கீழே தாழ்ந்து தொங்கட்டும். கம்பி வழியே ஒழுகும் நீர் அந்தத் தாழ்விலேயே சொட்டிவிடும், சுவிட்சை எட்டாது. கையைத் தொட்டிக்குள் விடுமுன் நீர்ப் பம்பையும் விளக்கையும் அணைத்துவிட வேண்டும். அணைத்ததைத் திரும்பப் போடவும் வேண்டும்! எங்கள் சுவிட்சின்மேல் பிள்ளைகள் சிவப்புத் தாள் ஒட்டி, 'இது மீனின் மூச்சு' என்று எழுதிவைத்தார்கள். நான்கு வாட் பம்பு ஒன்று மாதம் முழுதும் ஓடினாலும் மூன்று யூனிட்டுக்குள்தான் ஆகும். மின்சாரம் வெகுநேரம் வராவிட்டால், ஒரு குவளையால் தொட்டி நீரையே மொண்டு, ஓர் அடி உயரத்திலிருந்து திரும்ப ஊற்றுங்கள். கால் மணிக்கு ஒரு தடவை, இருபது குவளை. கை வலிக்கும், மீன் பிழைக்கும்.

இவ்வளவும் செய்து முடித்த பிறகு, ஒரு வாரம் விடியற்காலையில் அந்த மாணவனோடு நாங்களும் போய் நின்றோம். ஆறே காலுக்கு ரஸ்போராக்கள் மூன்றும் நடுநீரில் நின்றன. ஒன்றுகூட மேலே வந்து வாய் திறக்கவில்லை. அன்று மாலையே நாங்கள் இரண்டு ஆசிரியர்கள் அவன் வீட்டுக்குப் போனோம். வகுப்பில் பிள்ளைகள் முன்னிலையில் சொல்ல வேண்டியதை அன்று காலையே சொல்லியாகிவிட்டது; ஆனால் காசைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றவரிடம் சொல்லவேண்டியது பாக்கி இருந்தது. "உங்கள் மகன் இரண்டு முறை சொன்னான். நாங்கள்தான் கேட்கவில்லை. தீனியையும் நாங்கள் சொல்லித்தான் போட்டான்" என்றோம். அவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு உள்ளே திரும்பி, "அம்மா, ஐயாமாருக்குத் தண்ணி கலக்கு" என்று குரல் கொடுத்தார்.

தேநீர் குடிக்கும்போது, திண்ணையில் இருந்த ஒரு பிஸ்கட் போத்தலைக் காட்டினார். கழுத்துவரை நீர், உள்ளே மூன்று குப்பி மீன்கள். "இதுக்கெல்லாம் பம்பு ஏதுங்கையா? வாங்கிவிடுற மீன் பத்து நாள்கூட தாங்க மாட்டேங்குது" என்றார். நேயர்கள் பலர் வீட்டிலும் இதே போத்தல் இருக்கும் என்பதால் அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறோம். போத்தலின் உடம்பு இருபது சென்டிமீட்டர் அகலம், கழுத்து பத்து. கழுத்துவரை நிரப்பினால் காற்றைத் தொடும் பரப்பு நான்கில் ஒன்றாகிவிடுகிறது. அகலமான இடத்தோடு நீரை நிறுத்துங்கள். நீர் குறைந்தாலும் மூச்சு கூடும். 1850ஆம் ஆண்டு லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலார் பம்பு எதுவும் இல்லாமல் மீனும் வாலிஸ்னேரியாவும் நத்தையும் வைத்துத் தொட்டியை நடத்திக் காட்டினார். ஆனால் அவர் விட்ட மீன்கள் இரண்டே. போத்தலில் குப்பி மூன்று அதிகம். பம்பில்லாத போத்தலுக்கு ஒரே ஒரு சண்டை மீன்தான் பொருத்தம். ஒரு கொத்துச் செடி போதும். நேர் வெயில் படாமல், வெளிச்சம் படும் இடத்தில் வையுங்கள். தினமும் காலையில் ஒரு குவளை நீரை மொண்டு மெல்ல ஊற்றுங்கள்.

மகன் எழுந்து போய்க் குவளையைக் கொண்டுவந்தான். போத்தலிலிருந்து கழுத்து நீரை மொண்டு ரோஜாச் செடிக்கு ஊற்றினான். குப்பிகளில் இரண்டை மறுநாள் பள்ளித் தொட்டிக்குக் கொண்டுவரலாமா என்று கேட்டான். கொண்டுவரச் சொன்னோம். பையோடு தொட்டி நீரில் கால் மணி நேரம் மிதக்கவிட்ட பிறகுதான் மீனைத் திறந்துவிட வேண்டும் என்பதை நாங்கள் சொல்லுமுன் அவனே சொன்னான்.